எண்ணெய் அளக்கும் வீடு

அம்மா தாளிக்கும்போது சட்டியில் எண்ணெய் விழும் சத்தத்தை வைத்தே எத்தனை கரண்டி என்று இப்போது என்னால் சொல்லிவிட முடியும். எடை குறைப்பதற்காக இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்து இரண்டரை வருஷம் ஆகிறது. ‘ஸ்லீவ்’ என்பார்கள். மிஞ்சியிருப்பது ஒரு வாழைப்பழம் அளவுக்கு ஒடுங்கிய குழாய். பார்க்கிறவர்கள் சோற்றைப் பற்றிக் கேட்கிறார்கள், சர்க்கரையைப் பற்றிக் கேட்கிறார்கள். எண்ணெயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் இரண்டு முறை தவறியது அதில்தான்.

முதல் தவறு பயத்தால் வந்தது. பருப்புத் தண்ணீர், மோர், பிறகு மசித்த சாப்பாடு என்று படிப்படியாக ஏறி, இரண்டு மாதத்தில் கெட்டி உணவுக்கு வந்திருந்தேன். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, புரதத்திலும் மாவுச்சத்திலும் 4 தான் என்று டயட்டீஷியன் சொன்னது மட்டும் மனதில் ஆணி அடித்தமாதிரி நின்றது. எண்ணெயை அடியோடு விட்டேன். அவித்த கோழி, முட்டையின் வெள்ளைக்கரு, ஆடை எடுத்த தயிர். “மக்களே, ஒரு சொட்டு எண்ணெய் இல்லாம இது தொண்டையில எறங்குமா?” என்று அம்மா தினமும் மாய்ந்துபோவாள். இறங்கத்தான் செய்தது. எடையும் மளமளவென்று இறங்கியது. அதனால் நான் செய்வதுதான் சரி என்று நம்பினேன்.

எட்டாவது மாதம், ஒரு கல்யாண வீட்டில் கொஞ்சம் அவியலும் ஒரு துண்டு பொரித்த மீனும் சாப்பிட்டு வந்த ராத்திரி, வலது விலாவுக்குக் கீழே தொடங்கிய வலி முதுகு வரைக்கும் போனது. ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கற்கள்.

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டே விளக்கினார். எடை வேகமாகக் குறையும்போது கல்லீரல் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூடுதலாகக் கலந்து அனுப்புகிறது. பித்தப்பை சுருங்கி அதை வெளியே தள்ள வேண்டும். சுருங்கச் சொல்லும் ஹார்மோன் சுரப்பதற்குச் சாப்பாட்டில் கொழுப்பு வேண்டும். கொழுப்பே வராவிட்டால் பித்தநீர் அங்கேயே கிடந்து குழம்பாகி, கல்லாகிறது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு கல் வருவதற்கு முக்கியக் காரணம் எடை குறையும் வேகம். ஆனால் எண்ணெயை முழுதாக விட்டதால் நானும் அதற்குத் துணைபோயிருக்கிறேன். கல் வராமல் இருக்க ஆறு மாதம் சாப்பிடச் சொன்ன அர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரையை வேறு இரண்டாவது மாதமே நிறுத்தியிருந்தேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

பித்தப்பையையும் எடுத்தாகிவிட்டது. இனி பித்தநீரைச் சேர்த்துவைக்க இடமில்லை. அது சிறுகச் சிறுகக் குடலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரே வேளையில் நிறைய எண்ணெய் போனால் வயிறு கலங்குகிறது. ஆகவே கொழுப்பைப் பிரித்துப் பிரித்துத்தான் சாப்பிட வேண்டும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் கொழுப்போடு சேர்ந்துதான் உடம்பில் ஏறும் என்பதையும் அப்போதுதான் காது கொடுத்துக் கேட்டேன். வைட்டமின் டி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தவள், அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டோடு போடுகிறேன். குடலையும் மாற்றித் தைக்கும் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

இரண்டாவது தவறு, ஸ்லீவ் செய்து ஒன்றரை வருஷம் கழித்து, நேந்திரங்காய் உப்பேரி வடிவில் வந்தது. நாகர்கோவிலில் அந்த வாசனைக்குத் தப்பித் தெருவில் நடக்க முடியாது. கோழித் துண்டு நாலு வாய் மென்றாலே என் வயிறு போதும் என்று சொல்லிவிடும். உப்பேரி அப்படியில்லை. வாயிலேயே நொறுங்கித் துகளாகி, அந்தக் குழாய்க்குள் நிற்காமல் வழுக்கிப் போய்விடுகிறது. வயிறு எச்சரிப்பதே இல்லை. 100 கிராமில் 500 கலோரிக்கு மேல். எடையில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். அதோடு புரதம் என்று சொல்லிக்கொண்டு வறுத்த வேர்க்கடலையும் தின்றேன். ஒரு கைப்பிடி கடலையில் புரதம் 7 கிராம் என்றால் கொழுப்பு அதைப்போல இரு மடங்கு. நாலு மாதத்தில் ஐந்து கிலோ திரும்பி வந்தது.

அந்த மாதம்தான் வீட்டு எண்ணெயை அளந்தேன். நாலு பேருக்கு மாதம் ஐந்து லிட்டர். எனக்கு மட்டும் தனியாக அவித்துக்கொள்வதில் பயனில்லை, வீடே மாற வேண்டும் என்று தோன்றியது. ஐந்தை இரண்டரையாகக் குறைத்தோம். தலைக்கு ஒரு நாளைக்கு 20 கிராமுக்குச் சற்றுக் குறைவு. என் பங்கு வேளைக்கு ஒரு டீஸ்பூன். தாளிப்புக் கரண்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, எண்ணெய் டப்பா பக்கத்தில் ஒரு டீஸ்பூனைப் போட்டேன்.

தேங்காய்தான் பெரிய வழக்காக இருந்தது. பச்சைத் தேங்காயில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கொழுப்பு. “தேங்கா இல்லாம கொழம்பா? நான் வைக்கமாட்டேன்” என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வறுத்து அரைத்தால் பாதித் தேங்காயிலேயே மணம் வந்துவிடுகிறதாம். அன்று வைத்த தீயலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொரியலில் தேங்காய் தூவுவது நின்றது. சாளை மீனை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதன் கொழுப்பில் உடம்புக்கு வேண்டிய ஒமேகா-3 இருக்கிறது. மசாலா தடவி, வாழையிலையில் பொதிந்து, தோசைக்கல்லில் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் வேகவைத்தால் இரண்டு மீனே எனக்கு ஒரு வேளைச் சாப்பாடு.

திரும்பிவந்த ஐந்து கிலோவில் மூன்று போயிருக்கிறது. எண்ணெய் டப்பாவில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுகிறேன். போன வாரம் நான் மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் கோடு இருந்தது. பக்கத்தில் தேதி, அம்மாவின் கோணல் எழுத்தில்.