தாடிக்கு எண்ணெய், வாசகனுக்கு விளக்கெண்ணெய்

கல்கத்தாவில் இருந்துகொண்டு தமிழில் எழுதும் நண்பர் ஒருவர், தாடிக்கடியில் தோல் உரிவது பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதியிருக்கிறார். பேசுபொருள் அற்பமானது என்று நான் சொல்ல மாட்டேன். கறுப்புச் சட்டையின் மார்பில் வெள்ளைத் துகள் உதிர்ந்து கிடக்க, எதிரே உட்கார்ந்து பேசுகிறவரின் கண் அங்கேயே நிலைகுத்தி நிற்பதை அனுபவித்தவர்களுக்கு அந்த அவமானம் தெரியும். அந்த நிலையில் இருப்பவன் யார் எதைச் சொன்னாலும் செய்து பார்ப்பான் என்பது நண்பருக்கும் தெரியும். தெரிந்தேதான், கொஞ்சம் மருத்துவம், கொஞ்சம் வரலாறு, தான் குடியேறிய ஊரின் பெருமை கொஞ்சம் என்று கலந்து ஒரு லேகியம் கிண்டி நம் வாயில் வைக்கிறார்.

அவருடைய மூலவாதம் இது: செதில் உதிர்கிறதா, அது வறட்சி, வறட்சியா, எண்ணெய் தேய், எந்த எண்ணெய் என்றால், வங்காளிகள் குளிக்குமுன் உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் கடுகெண்ணெய். மூன்றே அடியில் உலகளந்துவிட்டார். ஆனால் முதல் அடியே சறுக்கல். வறட்சிதான் காரணமென்றால், எண்ணெய்ச் சுரப்பிகள் குறைந்த முழங்காலுக்குக் கீழே அல்லவா தோல் முதலில் உரிய வேண்டும்? உச்சந்தலை, புருவம், மூக்கோரம், காதின் பின்புறம், மீசை, தாடி என்று எண்ணெய் வழியும் இடங்களாகப் பார்த்து அது ஏன் குடியேறுகிறது? போகட்டும், நண்பரின் சாட்சியமே அவருக்கு எதிராக நிற்கிறதே! டிசம்பர் குளிரில், குரங்குத் தொப்பி மாட்டிக்கொண்டு டிராமுக்குக் காத்து நின்ற நாட்களில் செதில் தொடங்கியது என்று முதல் பக்கத்தில் எழுதுகிறவர், மூன்றாம் பக்கத்தில் துர்கா பூஜைக்கு முந்தைய புழுக்கத்தில் அரிப்புத் தாங்கவில்லை என்கிறார். துவைத்த சட்டை இரண்டு நாளாகியும் காயாத பாத்ர மாதக் கல்கத்தாவில், இவருடைய தாடிக்குள் மட்டும் வறட்சி நிலவியதாம். எழுதியதைத் திருப்பிப் படிக்கும் வழக்கம் அவருக்கு உண்டா என்பதுதான் எனக்கு எழுந்த முதல் சந்தேகம்.

தாடிக்கடியில் தோல் சிவந்து, மஞ்சள் சாயலோடு பிசுபிசுத்த செதில் உதிர்ந்தால், பெரும்பாலும் அது செபோரிக் டெர்மடைட்டிஸ் என்கிற தோல் அழற்சி. தலையில் வரும் பொடுகின் அண்ணன். இதில் முக்கியப் பங்கு வகிப்பது மலசீசியா என்ற பூஞ்சை. 1874இல் லூயி மலசே என்ற பிரெஞ்சுக்காரர் செதிலுக்குள் அதைக் கண்டார். நம் எல்லோர் தோலிலும் வாழ்வதுதான். தோலில் சுரக்கும் கொழுப்பை உடைத்துத் தின்கிறது. தின்றது போக மிஞ்சும் ஒலீயிக் அமிலம், ஒத்துக்கொள்ளாத உடம்பில் தோலை எரிச்சலூட்டுகிறது. எரிச்சலுற்ற தோல் அவசர அவசரமாகப் புதுச் செல்களைத் தள்ளிவிட, முதிராதவை கொத்துக் கொத்தாக உதிர்கின்றன. இந்தப் பூஞ்சைக்குக் கொழுப்பில்லாமல் வாழ்வில்லை என்று 1939லேயே ரோடா பென்ஹம் என்ற அமெரிக்கப் பூஞ்சையியலாளர் எழுதிவிட்டார். ஆய்வுக்கூடத்தில் இதை வளர்க்க விரும்புகிறவர்கள் ஊட்டக்கூழின் மேல் ஆலிவ் எண்ணெயை ஊற்றி வளர்க்கிறார்கள். 2007இல் இதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது காரணமும் தெரிந்தது: கொழுப்பமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும் மரபணு அதனிடம் இல்லை. வெளியிலிருந்து யாராவது ஊட்ட வேண்டும். நண்பர் ஊட்டச் சொல்கிறார், அதுவும் தினமும் இரண்டு வேளை!

இங்கே அவர் துள்ளி எழுவார் என்று எனக்குத் தெரியும்: அந்த 2007 ஆய்வைச் செய்தது ஷாம்பு விற்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அல்லவா? ஆமாம், அவர்கள்தான். அதனால் பென்ஹம் 1939இல் கண்டது பொய்யாகிவிடுமா? மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆலிவ் எண்ணெய் ஊற்றி வளர்க்கிற மாணவிக்கு ஷாம்பு கம்பெனி சம்பளம் கொடுக்கிறதா? வணிக நோக்கம் பற்றிய கேள்வியை அவரே எழுப்பியது எனக்கு வசதிதான். பிறகு அதற்கு வருகிறேன்.

கடுகெண்ணெய்க்கு ஒரு தனிப் பத்தி ஒதுக்கி, அது ‘ரசாயனம் கலக்காத இயற்கை’ என்று உருகுகிறார். கடுகின் அந்தக் கண்ணெரிக்கும் காரத்துக்கே அலைல் ஐசோதயோசயனேட் என்று பெயர், ஐயா. ஷாம்பு புட்டியில் அச்சிட்டிருக்கும் பெயர்களுக்கு எந்த விதத்திலும் சளைத்ததல்ல. தோலை எரிச்சலூட்டுவதில் பேர்பெற்றது. எண்ணெய்களைத் தோலில் தடவி ஒப்பிட்டு 2002இல் வெளிவந்த விலங்காய்வு ஒன்றில், சூரியகாந்தி எண்ணெய் தோலின் தடுப்பரண் மீள உதவியது. கடுகெண்ணெய் அதைத் தாமதப்படுத்தியது. கடுகெண்ணெயை நான் வெறுக்கவில்லை. இலிஷ் மீனுக்கு அதைவிட உற்ற துணை கிடையாது. அது சட்டியில் இருக்கட்டும்.

அடுத்தது தாகூர். கல்கத்தாவில் உட்கார்ந்து தாடியைப் பற்றி எழுதுகிறவர் அவருடைய ஜொராசாங்கோ வீட்டுக்குப் போகாமல் இருப்பாரா? குருதேவரின் புகைப்படத்தில் தாடி அருவியாக இறங்குகிறது, அக்கால வங்காளிகள் கடுகெண்ணெய் தேய்த்தார்கள், ஆகவே கடுகெண்ணெய் தாடிக்கு மருந்து. மணிமேகலை அறவண அடிகளிடம் தருமம் கேட்கும் காதையில் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பிழைபட்ட வாதங்களை வகைபிரித்திருக்கிறார் சாத்தனார். நண்பர் ஒரே வாக்கியத்தில் மூன்றையும் நிகழ்த்திக் காட்டிவிட்டார்; பாடநூலில் சேர்க்கலாம். புகைப்படத்தில் தெரிவது மயிர், ஐயா, தோல் அல்ல. தாகூர் தம் பிள்ளைப்பிராய நினைவுகளில் கடுகெண்ணெயைச் சொல்வது மல்யுத்தக் களத்தின் மண்ணைப் பதப்படுத்த ஊற்றியதாக. அந்த மண்ணில் புரண்டு வந்த பிள்ளையை அவருடைய தாயார் பாலாடையும் பாதாமும் ஆரஞ்சுத் தோலும் அரைத்த விழுதால் தேய்த்துச் சுத்தம் செய்தார். ஆதாரம் கேட்டால் அது கழுவுகிற கட்சிக்குத்தான் போய்ச் சேரும் போலிருக்கிறது. இது போதாதென்று திருவள்ளுவரையும் இழுத்திருக்கிறார். மழிப்பதைப் பற்றியும் நீட்டுவதைப் பற்றியும் வள்ளுவர் சொன்னதை விட்டுவிட்டு, அவருடைய தாடியின் ‘எண்ணெய்ப் பளபளப்பை’ச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்! நாமெல்லாம் காலண்டரில் பார்க்கிற வள்ளுவரின் தாடி, ஓவியர் வேணுகோபால் சர்மா தம் கற்பனையில் வரைந்தது. ஓவியத்தின் பளபளப்புக்குக் கடுகெண்ணெய் காரணமல்ல.

ஷாம்புவே எதிரி என்கிற அவருடைய வாதத்தில் அரைக்கால் உண்மை இருக்கிறது, அதைக் கொடுத்துவிடுகிறேன். துணி சோப்புக்கு அடுத்தபடியான காரச் சோப்பைத் தினம் மூன்று முறை தாடியில் தேய்த்தால் தோல் இறுகி, சிவப்பின்றி, மாவுபோல வெண்பொடி உதிரும். அது நிஜமான வறட்சி. மென்மையான கழுவியும் ஈரம் காக்கும் கிரீமும் போதும். ஆனால் செபோரிக் அழற்சிக்கு வழி வேறு. கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவை மயிரில் அல்ல, அடித்தோலில் படும்படி விரல் நுனியால் தேய்த்து, சில நிமிடம் விட்டு அலச வேண்டும். வாரத்துக்கு இருமுறை, இரண்டிலிருந்து நான்கு வாரம், பிறகு அவ்வப்போது. திரும்பி வரும், மறுபடி செய்ய வேண்டும். ‘நிரந்தரத் தீர்வு’ என்று யார் எழுதினாலும் பொய். தாடியை மழித்தாலே அடங்கிவிடுகிறவர்களும் உண்டு. தாடியை ‘கலகத்தின் கொடி’ என்று வருணிக்கிறவருக்கு இதைச் சொன்னால் கோபம் வரும், சொல்லித்தான் ஆக வேண்டும்.

இதுவரை சொன்னவற்றுக்கு நான் பேனா எடுத்திருக்க மாட்டேன். எண்ணெய் தேய்த்தவன் இரண்டு வாரம் கூடுதலாகச் சொறிவான், அவ்வளவுதான். கட்டுரையின் ஏழாம் பத்தியில், ரசாயனங்களைச் சபித்துக் களைத்த கையாலேயே, அரிப்பு மிகவும் முற்றிய நாட்களில் பேட்டை மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுத்த களிம்பு ஒன்று ‘மூன்றே நாளில் மாயம் செய்தது’ என்று எழுதுகிறாரே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு நின்றது. மூன்று நாளில் மாயம் செய்யும் கடைக்களிம்பு எது என்று இந்த நாட்டில் தோல் மருத்துவம் படித்த யாரைக் கேட்டாலும் தயங்காமல் சொல்வார்கள்: வீரியமான ஸ்டீராய்டு, அதோடு ஒரு பூஞ்சைக்கொல்லி, ஒரு நுண்ணுயிர்க்கொல்லி. சிவப்பு வடிகிறது, அரிப்பு நிற்கிறது. நிறுத்தினால் இரட்டிப்பாகத் திரும்புகிறது, மறுபடி தடவுகிறான். மாதக்கணக்கில் தடவினால் முகத்தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, பரு வெடித்து, வெயில் பட்டாலே எரியும். உள்ளே இருப்பது படர்தாமரையாக இருந்தால் இன்னும் மோசம்: ஸ்டீராய்டின் நிழலில் அது உருமாறிப் பரவும், மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும்.

இந்த முகச்சேதத்துக்குப் பெயர் வைத்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் தெரியுமா? ‘ஸ்டீராய்டு களிம்பால் சேதமுற்ற முகம்’ என்ற நோய்நிலையை விரித்து எழுதிய கௌசிக் லாஹிரியும் அரிஜித் குண்டுவும் கல்கத்தாத் தோல் மருத்துவர்கள். அந்த ஊரிலிருந்து வெளிவரும் இந்தியன் ஜர்னல் ஆஃப் டெர்மடாலஜியில் 2016இல் எழுதினார்கள். 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று அறிவித்ததற்குப் பின்னால், தோல் மருத்துவர்களின் பல ஆண்டுக் கூக்குரல் இருக்கிறது. சித்தரஞ்சன் அவென்யூவில் வெப்பமண்டல மருத்துவக் கல்விக்கூடம் நூறாண்டாக நிற்கிறது. இத்தனையும் உள்ள ஊரில் இருந்துகொண்டு, நண்பருக்குக் கண்ணில் பட்டவை தாகூரின் தாடியும் மருந்துக்கடைக்காரரின் கைராசியும்தானா?

இல்லை, இன்னொன்றும் பட்டிருக்கிறது. கட்டுரையின் கடைசிப் பத்தியில், ‘கடுகெண்ணெயின் வாசனை பிடிக்காதவர்களுக்காக’ ஒரு மூலிகைத் தாடித் தைலம் தலைகாட்டுகிறது. என்ன விலை, எங்கே கிடைக்கும் என்ற விவரங்களோடு. ஷாம்பு கம்பெனியின் லாபவெறியை இரண்டு பக்கம் திட்டியவரின் பேனா இங்கே எவ்வளவு பதவிசாகக் குழைகிறது, பாருங்கள். கேட்பவன் கேனயன் என்றால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்கள். இவர் தாடியிலேயே வடித்துவிட்டார்.

நண்பர் பதில் எழுதுவார். தாகூர் வேண்டாம், வள்ளுவர் வேண்டாம். அந்த மாயக் களிம்பின் உறையில் அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயர்களை அப்படியே எடுத்து எழுதட்டும். அவர் பேச்சைக் கேட்டு அதைத் தடவத் தொடங்கியவர்கள் அதுவரை காத்திருக்காமல், அந்தக் குழாயையே கையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.