உழுந்துச் சக்கை தின்ற குதிரை

குதிரை என்றதும் நம் இலக்கிய நண்பர்களுக்கு இரண்டே நினைவுகள் எழுகின்றன. ஒன்று, ஐயனார் கோயில் மண்குதிரை. மற்றொன்று, கிண்டிப் பந்தயம். முன்னதை வணங்குகிறார்கள், பின்னதைச் சபிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே, உண்டு உறங்கி மருண்டு நோயுற்று வாழும் ஓர் உயிர் இருக்கிறது என்பது எவருக்கும் தோன்றுவதில்லை.

2024 செப்டம்பரில் தமிழக அரசு கிண்டிப் பந்தயத் திடலின் குத்தகையை ரத்துசெய்து சுமார் 160 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தியபோது இது மீண்டும் மெய்யானது. வாடகை நிலுவை பேசப்பட்டது, வெள்ளநீரைத் தேக்கும் குளங்கள் பேசப்பட்டன, பூங்கா பேசப்பட்டது, 'சூதாட்டம் ஒழிந்தது' என்ற மகிழ்ச்சியும் பேசப்பட்டது. அங்கே கொட்டில்களில் நின்ற குதிரைகளைப் பற்றிப் பேசியவர் அரிது. முன்பும் இப்படித்தான். 1974இல் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் வந்தது; 1996இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டமே என்றது. இருபத்திரண்டு ஆண்டு வழக்காடலில் பணயம் வைப்பவனைப் பற்றிய கேள்வியே மேலோங்கி நின்றது. ஓடுகிற விலங்கு ஓடி முடித்தபின் எங்கே போகிறது என்பது பொதுவிவாதத்தில் இடம்பெறவே இல்லை.

பந்தயத் திடலுக்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. நம் குற்றச்சாட்டு வேறு. ஈராயிரம் ஆண்டுகளாகக் குதிரையைப் பாடியும், விலைகொடுத்து வாங்கியும், ஏறியும் வந்த ஒரு சமூகம், எளிய மனிதன் ஒருவன் அச்சமின்றி ஏறத்தக்க ஒரு குதிரையை உருவாக்கிக்கொள்ளவே இல்லை. உருவாக்க வேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

பட்டினப்பாலை காலத்திலேயே குதிரை நமக்குக் கடல்வழி வந்த சரக்கு. காரியும் ஓரியும் தங்கள் பெயரையே தங்கள் குதிரைகளுக்கும் பெற்றிருந்த பெருமை சிறுபாணாற்றுப்படையில் உண்டு. 'குதிரை மறம்' என்று தனித் துறையே வகுத்தோம். ஆனால் குதிரையின் வீரத்துக்கு இலக்கணம் கண்ட நாம், அதன் வளர்ப்புக்கு என்ன கண்டோம்?

விடையை வெளியார் எழுதிவைத்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசனும் அவன் உடன்பிறந்தார் நால்வரும் ஆண்டுதோறும் ஆளுக்கு ஈராயிரம் குதிரைகளுக்குமேல் வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும் குறிக்கிறார். அவர் சொல்லும் காரணம் பராமரிப்பின்மை. லாடம் கட்டவும் நோய் பார்க்கவும் தெரிந்தவர் இங்கே இல்லை. வணிகர்களோ அத்தகையவர் எவரும் இங்கு வந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். குதிரை செத்தால்தானே மறு ஆண்டும் விற்கலாம்? பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் சித்திரம் இன்னும் கொடியது. ஆண்டுக்குப் பதினாயிரம் குதிரைகள் பாரசீக வளைகுடாத் துறைகளிலிருந்து வந்தன. ஒவ்வொன்றும் 220 பொன் தினார். கடலில் செத்தவற்றுக்கும் பணம் உண்டு. வந்த குதிரையை நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்கவைத்துப் பின்னர் பயிற்சி ஏதுமின்றி ஏறி விரட்டினார்கள். வலிய குதிரையும் குறுகிய காலத்தில் மந்தமாகிப் பயனற்றுப்போயிற்று என்கிறார் அவர். அயலாரின் கூற்றில் மிகை இருக்கலாம். ஆனால் ஒருவரையொருவர் சாராத இருவர் ஒரே குறையைச் சுட்டும்போது அதைப் புறந்தள்ள முடியாது.

நம் புராணமும் அதையே வேறு மொழியில் சொல்கிறது. பாண்டியன் வாதவூரரைக் கருவூலப் பொன்னோடு அனுப்பியது குதிரை வாங்கத்தான். நரி பரியாகி வந்தது. இரவில் மீண்டும் நரியாகி, கொட்டிலில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறியது. இறைவன் திருவிளையாடலாக இதைப் போற்றுகிறோம், போற்றட்டும். அதன் அடியில், வாங்குகிற நாட்டின் நிரந்தர அச்சம் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. தான் வளர்க்காத ஒன்றை வாங்குபவனுக்கு, வந்திருப்பது பரியா நரியா என்பது விடிந்தபின்தான் தெரியும்.

இன்றைய நிலைக்கு வருவோம். நகரங்களில் குதிரையேற்றம் கற்க விரும்பும் நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகள் பெருகியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்கும் குதிரை எது? பெரும்பாலும் பந்தயத்திலிருந்து கழித்துவிடப்பட்ட தரோபிரெட். இரண்டு வயதில், எலும்புகள் முதிரும் முன்பே, ஓடுவதற்கென்று பழக்கப்பட்ட குதிரை அது. அதன் கல்வி வேறு. பந்தயக் குதிரைக்குக் கடிவாளம் இறுகுவது 'நில்' என்ற கட்டளை அன்று. அந்த இறுக்கத்தில் சாய்ந்துகொண்டு ஓடவே அது கற்றிருக்கிறது. புதிதாக ஏறும் பிள்ளை அச்சத்தில் என்ன செய்யும்? கடிவாளத்தை இறுகப் பற்றும். குதிரை தான் கற்றபடியே விரையும். பிள்ளை இன்னும் இறுகப் பற்றும். குதிரை இன்னும் விரையும். விழுந்தபின் 'முரட்டுக் குதிரை' என்கிறோம். முரடு எங்கே இருந்தது? தனக்குக் கற்பித்ததைப் பிழையின்றிச் செய்த மாணவன் அல்லவா அது?

மறுபயிற்சியால் இக்குதிரைகளை மாற்ற முடியாதா என்றால், முடியும். சில மாதம் மேய்ச்சலில் ஓய்வு, தீவனத்தில் தானியக் குறைப்பு, நீண்ட கயிற்றில் வட்டமாக நடத்துதல், ஏறும்போது அசையாமல் நிற்கக் கற்பித்தல், பிறகு பொறுமையான நடை. பிரிட்டனில் இதற்கென்றே 2000ஆம் ஆண்டில் ஓர் அமைப்பைப் பந்தயத் துறையே நிறுவியது. இங்கோ பந்தயத் திடலுக்கும் சவாரிப் பள்ளிக்கும் இடையே பல வேளைகளில் ஒரு லாரிப் பயணம் மட்டுமே இருக்கிறது.

அயர்லாந்தைப் பார்க்கச் சொல்கிறோம். அந்நாட்டு உழவர்கள் நடுத்தர உடற்கட்டும் அமைந்த குணமும் கொண்ட ஒரு குதிரையை வளர்த்தார்கள். அது ஏர் இழுத்தது, வண்டி இழுத்தது, வேட்டை நாளில் சேணம் பூட்டினால் வேலியும் பள்ளமும் தாண்டியது. அந்த 'ஐரிஷ் டிராஃப்ட்' இனத்துக்கு 1917இல் வம்சப் பதிவேடு தொடங்கினார்கள். அதையும் தரோபிரெட்டையும் கலந்து பிறந்ததே 'ஐரிஷ் ஸ்போர்ட் ஹார்ஸ்'. தந்தை வழியில் வேகம் வந்தால் தாய் வழியில் நிதானம் வரும் என்பது அவர்கள் கணக்கு. அதனை வளர்ப்போரில் பெரும்பாலோர் ஓரிரு பெட்டைகள் மட்டும் வைத்திருக்கும் சிறு உழவர்கள். அக்குதிரை உலகப் போட்டிகளிலும் வெல்கிறது. வார இறுதியில் மட்டும் ஏறும் ஆசிரியரையும் மருத்துவரையும் பத்திரமாகச் சுமக்கிறது. கரு பதினொரு மாதம்; மூன்று வயதுக்குமேல்தான் முதுகில் சுமை; நான்கு, ஐந்து வயதில்தான் முறையான வேலை. அமெச்சூர் சவாரியாளருக்கான குதிரை என்பது ஏறக்குறைய ஆறு ஆண்டுப் பொறுமையின் விளைச்சல்.

இதைப் படிக்கும் தமிழாசிரியர் எவருக்கும் புறநானூற்றின் 299ஆம் பாட்டு நினைவுக்கு வர வேண்டும். பொன்முடியார் இரு குதிரைகளை எதிரெதிரே நிறுத்துகிறார். சீறூர் மன்னனுடையது உழுந்துச் சக்கை தின்று தளர்நடை போடுவது. பெருவேந்தருடையவை நெய் பெய்த கவளம் உண்டு கொழுத்தவை. களத்தில் பகையைப் பிளந்துகொண்டு சென்றது சக்கை தின்ற குதிரை. நெய் தின்றவை ஒதுங்கி நின்றன. குதிரையின் தகுதி விலையிலும் தீவனத்திலும் இல்லை, வளர்த்தவனோடு அது கொண்ட உறவில் இருக்கிறது என்று படிக்க இப்பாட்டு இடம் தருகிறது. அயர்லாந்து உழவன் செய்து காட்டியதை நம் புலவர் பாடிவைத்தார். நாம் அதற்கு உரை எழுதினோம். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவாகவும் கேட்டோம்.

தட்பவெப்பம் ஒவ்வாது என்பார்கள் சிலர். 1824இல் கம்பெனிப் படைக்கான குதிரைப் பண்ணையாகவே ஓசூர் மத்திகிரிப் பண்ணை தொடங்கப்பட்டது. பின்னாளில் அது கால்நடைப் பண்ணையாயிற்று. கர்நாடகத்துக் குனிகல்லில் குதிரை வளர்ப்பு நெடுங்காலம் நடந்திருக்கிறது. இனம் உருவாக்கும் அறிவு தமிழனுக்கு இல்லை என்றும் எவரும் சொல்ல முடியாது. காங்கேயம் காளையைச் செதுக்கியவர்கள் நாம். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் பெயர் அவ்வினத்தோடு இணைந்தே பேசப்படுகிறது. இராஜபாளையம் நாயும் நம் கைவண்ணம்தான். ஏரில் பூட்டியதை வளர்த்தோம், வாசலில் காத்ததை வளர்த்தோம். குதிரையை மட்டும் அரசன் வாங்கித் தரும் பொருளாகவே வைத்துவிட்டோம். ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் அந்தியூர்ச் சந்தையில் இன்றும் வடநாட்டுக் கத்தியவாரும் மார்வாரியும் வருகின்றன. வாங்குவோர் சுழி பார்க்கிறார்கள், நிறம் பார்க்கிறார்கள். குழந்தை ஏறினால் நிற்குமா என்று பார்ப்பவர் எத்தனை பேர்?

'இது பணக்காரர் விவகாரம்' என்பது கடைசி ஆயுதம். நாம் பணிபுரியும் இந்தத் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். சிப்காட்டில் இரும்பு உருக்குகிறார்கள். ஆவடியில் டாங்கி செய்கிறார்கள். நம் வகுப்புகளில் அமரும் மாணவர்களின் தந்தையர் இத்தகைய ஆலைகளில் வேலை செய்பவர்கள். ஒவ்வொரு மோட்டாரின் மேலும் 'குதிரைத்திறன்' பொறிக்கப்பட்டிருக்கிறது. சொல் இருக்கிறது, விலங்கு இல்லை. பணக்காரர் விவகாரமாக இருப்பதனால்தான் அது இப்படி இருக்கிறது என்பதை இந்த நண்பர்கள் உணர்வதில்லை. எளியவர் கைக்கு வந்தால், கொட்டில் கூட்டும் லாயக்காரருக்கும் லாடம் அடிப்பவருக்கும் ஒரு தொழிற்கல்விச் சான்றிதழும் மரியாதையும் கிடைக்கும். இன்று அவர்களுடைய அறிவு அவர்களோடு மடிகிறது.

மேல்தட்டிலும் நிலைமை வேறல்ல. 2023 ஹாங்சௌ ஆசியப் போட்டியில் டிரெசாஜ் பிரிவில் இந்திய அணி தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பின் வந்த தங்கம். வீரர்கள் நம்மவர்கள், நெஞ்சாரப் பாராட்டுகிறோம். ஆனால் அவர்கள் பயின்றதும் குதிரைகள் வாழ்ந்ததும் ஐரோப்பாவில். நோய்த்தடுப்பு விதிகளால் இந்தியக் குதிரை அயல்நாட்டுப் போட்டிக்குச் செல்வதே அரிதாக இருந்தது. 2025இல்தான் மீரட்டிலுள்ள ராணுவக் கால்நடை மையம், நோயற்ற குதிரைப் பிரிவாக உலக விலங்கு நல அமைப்பின் ஏற்பைப் பெற்றது. அன்று பாரசீக வளைகுடா, இன்று ஐரோப்பா. வாங்கும் துறைமுகம் மட்டும் மாறியிருக்கிறது.

நாம் கேட்பது பெரிதன்று. பந்தயத்திலிருந்து வெளியேறும் ஒவ்வொரு குதிரையும் எங்கே போயிற்று என்று ஒரு பொதுப் பதிவேடு வேண்டும். மறுபயிற்சி பெறாத குதிரையில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்ற விதி வேண்டும். நம் கால்நடைப் பல்கலைக்கழகம், நாட்டுப் பெட்டைகளைக் கொண்டு குணத்தை முதன்மையாக வைத்து ஒரு சவாரி இனத்தை உருவாக்கும் நீண்டகாலத் திட்டத்தைத் தொடங்க வேண்டும். சிறு உழவர்களும் அதில் பங்கேற்க வேண்டும்.

எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வரலாற்று நாவல்களில் குதிரைகள் இரவு முழுவதும் பாய்ந்தோடுகின்றன. அவை தண்ணீர் குடிப்பதில்லை, குளம்பு தேய்வதில்லை, சேணப்புண் வருவதில்லை. அகநானூற்றுத் தலைவன் பூவில் தேனுண்ணும் வண்டு அஞ்சாதிருக்கத் தேர்மணியின் நாவைக் கட்டியவன் என்று வகுப்பில் பெருமையோடு சொல்கிறோம். அந்தத் தேரை இழுத்த குதிரைக்கு அன்றிரவு யார் தீவனம் வைத்தார்கள் என்று ஒரு மாணவன் கேட்டால், நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.