ஒடித்த மந்திரக்கோலும் ஒரு டி.சி.யும்

பதிவு நீளம். அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகன் ஹாரி பாட்டர் கதையைப் பற்றி ஒன்று எழுதியிருந்தான். அந்தக் கதையில் உண்மையான அடிமைகள் மந்திரவாதிகள்தானாம். இவ்வளவு சக்தி இருந்தும், ஒரு மந்திரமும் தெரியாத சாதாரண ஜனங்களுக்காக முந்நூறு வருஷமாக ஒளிந்து வாழ்கிறார்களாம். வெளியே வந்து ஆட்சியை அவர்கள் கையில் எடுக்க வேண்டுமாம், திறமை உள்ளவன் ஆள்வதுதான் நியாயமாம். என்னிடம் படித்த நாலைந்து பேர் அதற்கு இதயம் வேறு போட்டிருக்கிறீர்கள். பெயர் சொல்லமாட்டேன். எட்டாம் வகுப்பு பி பிரிவு, உங்களுக்கே தெரியும்.

மருமகனே, உன் அம்மா நேற்றே போன் செய்து, "மைனி, பிள்ளையை எல்லார் முன்னாடியும் வைய வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். வையவில்லை. பதில் சொல்கிறேன்.

டீச்சருக்கு எதற்கு இந்த மாயாஜாலக் கதை என்று சிலர் நினைக்கலாம். 2020 ஊரடங்கில் பேரன் என்னோடு இருந்தான். ஆச்சியும் பேரனுமாக ஏழு புத்தகத்தையும் ஆங்கிலத்திலேயே படித்தோம். நான் அகராதியை மடியில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். அதனால் சில இடங்களை அவனைவிட மெதுவாகவும், கொஞ்சம் நன்றாகவும் படித்திருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

முதலில் இந்த ஒளிந்து வாழும் கதை. 1689-ல் மந்திரவாதிகள் எல்லா நாட்டிலும் சேர்ந்து ஒரு ரகசியச் சட்டம் போட்டுக்கொண்டு மறைந்துபோகிறார்கள். அவர்களாகவே போட்டுக்கொண்ட சட்டம் அது. எரித்தார்களே, வேட்டையாடினார்களே என்பாய். மூன்றாம் புத்தகத்தின் தொடக்கத்தில் ஹாரி வீட்டுப்பாடம் எழுதுவான், ஞாபகம் இருக்கிறதா? நிஜ மந்திரக்காரியை எரித்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. தீயைக் குளிரவைக்கும் மந்திரம் போட்டுவிட்டுச் சும்மா கத்துவாள். ஒருத்தி அது பிடித்துப்போய் வேஷம் மாற்றி மாற்றி 47 தடவை பிடிபட்டாள் என்று வரும். நம் உலகத்தில் நடந்தது வேறு. 1692-ல் அமெரிக்காவில் சேலம் என்ற ஊரில் (நம்ம சேலம் இல்லை) வழக்கு நடத்தி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், ஒரு கிழவரைக் கல்லை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். தூக்கில் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அவர்களில் ஒருத்திக்கும் மந்திரம் தெரியாது. தெரிந்திருந்தால் தப்பித்திருப்பார்களே. ஆகவே சூனியக்காரி என்று சொல்லிக் கொல்லப்பட்டவர்களின் கண்ணீரை எடுத்து உன் மந்திரவாதிகளின் கன்னத்தில் ஒட்டாதே.

இரண்டாவது, ஆட்சி அவர்கள் கையில் வர வேண்டும் என்கிறாய். எங்கே இல்லை இப்போது? நாலாம் புத்தகத்தில் உலகக்கோப்பைப் போட்டிக்குக் கூடாரம் போட இடம் கொடுக்கிறாரே ராபர்ட்ஸ் என்று ஒரு சாதாரண மனிதர். விநோதமான கூட்டமாக இருக்கிறதே என்று அவர் சந்தேகப்படும்போதெல்லாம் அமைச்சகத்து ஆள் வந்து அவர் ஞாபகத்தை அழித்துவிட்டுப் போகிறார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. அன்று ராத்திரி முகமூடிக் கூட்டம் ஒன்று அதே மனிதரையும் மனைவி பிள்ளைகளையும் அந்தரத்தில் தொங்கவிட்டு விளையாடுகிறது. அதைப் படித்து எல்லாருக்கும் பதறுகிறது. எனக்குப் பகலில் நடந்ததைப் படிக்கும்போதே பதறியது. இத்தனைக்கும் செய்தவர் நல்லவர், அரசாங்க ஊழியர், வேலையை முடித்துவிட்டு அடுத்த கூடாரத்துக்குப் போய்விட்டார். ஆறாம் புத்தகத்தில் இங்கிலாந்துப் பிரதமரிடமே மந்திர அமைச்சர் நெருப்பு வழியாக வந்து நின்று, நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறார். என்ன செய்யலாம் என்று கேட்க வரவில்லை. அறையில் மாட்டியிருக்கும் படத்தைக்கூட அந்தப் பிரதமரால் கழற்ற முடியாது. இதற்குமேல் என்ன அதிகாரம் வேண்டும் உனக்கு? சாதாரண ஜனங்கள் ஓட்டுப் போட முடியாத, கேள்வி கேட்க முடியாத, இருக்கிறது என்றே தெரியாத ஓர் அரசாங்கம் அவர்கள் மண்டைக்குள்ளேயே கைவிடுகிறது. மந்திரவாதிகளாவது ஓட்டுப் போட்டு அமைச்சரைத் தேர்ந்தெடுக்கிறார்களா என்று பார்த்தேன். ஏழு புத்தகத்திலும் ஒரு வாக்குப்பதிவு நாள் என் கண்ணில் படவில்லை.

இப்போது என் முக்கியச் சண்டைக்கு வருகிறேன். மந்திரம் உள்ளவர்களுக்கு விடுதலை என்கிறாய். எந்த மந்திரம் உள்ளவர்களுக்கு?

கதை தெரியாத உறவுகளுக்காகச் சொல்கிறேன். அந்த உலகத்தில் எல்ஃப் என்று ஒரு இனம், பரம்பரை பரம்பரையாக வீட்டு வேலை செய்கிறவர்கள். சம்பளம் இல்லை, நல்ல துணி கிடையாது, எஜமான் துணி கொடுத்தால்தான் விடுதலை. காப்ளின் என்று இன்னொரு இனம், வங்கி நடத்துகிறவர்கள், உலோக வேலையில் கெட்டிக்காரர்கள். இரண்டு இனத்துக்கும் மந்திரம் உண்டு. ஹாக்வார்ட்ஸ் பள்ளிக்குள் மந்திரவாதிகள் மாயமாக வந்து குதிக்க முடியாது, டாபி என்கிற எல்ஃபுக்கு முடியும். ஆனால் மனிதர் அல்லாத யாரும் மந்திரக்கோல் வைத்திருக்கக்கூடாது என்று சட்டம். கோல் செய்யும் வித்தையைச் சொல்லித் தரவும் மாட்டார்கள். சக்தி இருந்தாலும் கருவி கிடையாது.

அந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு விங்கியைப் பாருங்கள். அவளும் எல்ஃப்தான். அதே போட்டி நடந்த ராத்திரியில், யாரோ செய்த குற்றத்துக்குப் பக்கத்தில் மயங்கிக் கிடக்கிறாள், கையில் ஒரு கோல். அமைச்சகத்துப் பெரியவர்கள் சுற்றி நின்று அதட்டுகிறார்கள். சட்டப் பிரிவு எண்ணைச் சொல்லித்தான் ஒருவர் ஆரம்பிக்கிறார். தரையில் கிடந்தது, எடுத்தேன் என்று அழுகிறாள். அங்கேயே அவள் எஜமான் துணி கொடுத்து விரட்டப்போவதாக அறிவிக்கிறார். தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பத்துப் பெண், அவ்வளவுதான். விசாரணை ஐந்து நிமிஷம்கூட இல்லை. அந்த எஜமான் கிரௌச்தான் சிரியஸ் பிளாக்கையும் விசாரணையே இல்லாமல் சிறைக்கு அனுப்பியவர். அந்த ஆள் செய்யாத குற்றத்துக்குப் பன்னிரண்டு வருஷம் உள்ளே கிடந்தார். விசாரிக்காத பழக்கம் எல்ஃபோடு நிற்காது, மருமகனே.

ஹெர்மயோனி எல்ஃபுகளுக்காகச் சங்கம் ஆரம்பித்தாளே என்பீர்கள். எழுதிய அம்மாவே அதைச் சிரிப்பாகத்தான் எழுதியிருக்கிறார், எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணிடமும் ஒரு குறை உண்டு. அடுப்படியில் நூறு பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். அவர்களை உட்கார வைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாள் கேட்டிருக்கலாம். இவள் தொப்பி பின்னி, அவர்கள் கூட்டுகிற இடத்தில் தெரியாமல் ஒளித்து வைத்தாள். எனக்கு நம் ஊர் நலத்திட்ட விழாக்கள் ஞாபகம் வந்தது.

காப்ளின்கள் பல தடவை கலகம் செய்திருக்கிறார்கள். கோல் உரிமை அவர்களுக்கு எவ்வளவு பழைய வழக்கு என்று ஏழாம் புத்தகத்தில் கிரிப்ஹூக் பேசும்போது தெரியும். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் பாடமாகவே இருக்கிறது. ஆனால் நடத்துகிறவர் பின்ஸ் என்ற வாத்தியார். செத்துப்போனதுகூடத் தெரியாமல் ஆவியாக வந்து பாடம் எடுக்கிறவர். (நம் தொழிலிலும் உண்டு. சிரிக்காதீர்கள்.) பையன்கள் மொத்தமும் தூங்குகிறார்கள். பரீட்சையில் கலகக்காரர்களின் பெயர் மட்டும் எழுதவேண்டும், எதற்காகக் கலகம் செய்தார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒரு சமூகத்தின் அநியாயத்தை மறைக்கப் பாடத்தை நீக்க வேண்டியதில்லை, பின்ஸ் கையில் கொடுத்தால் போதும். முப்பது வருஷத்துக்கு மேல் சமூக அறிவியல் எடுத்தவள் சொல்கிறேன்.

அமைச்சகத்தின் கூடத்தில் ஒரு தங்க நீரூற்று இருக்கும். மந்திரவாதியும் மந்திரக்காரியும் நடுவில் நிற்க, காப்ளினும் எல்ஃபும் குதிரை உடம்புக்காரச் சென்டாரும் அவர்களை அண்ணாந்து பக்தியாகப் பார்ப்பார்கள். ஏழாம் புத்தகத்தில் மருமகன் கேட்கிற ஆட்சி வந்துவிடுகிறது. நீரூற்று போய்க் கருங்கல் சிலை வருகிறது. மந்திரவாதிகள் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் சிம்மாசனமே சாதாரண மனிதர்களின் நிர்வாண உடம்புகளால் ஆனது. சரி, அந்த ஆட்சியில் மந்திரவாதிகளாவது சுதந்திரமாக இருந்தார்களா? அதே கட்டடத்தின் அடித்தளத்தில் அம்பிரிட்ஜ் அம்மா விசாரணை நடத்துகிறார். அப்பா அம்மா மந்திரக்காரர்கள் இல்லையென்றால் உனக்கு எப்படி மந்திரம் வந்தது, எங்கே திருடினாய், கோலைக் கொடு. பள்ளியில் ஏழு வருஷம் படித்துத் தேறினவர்களைத்தான் இப்படிக் கேட்கிறார்கள். திறமை உள்ளவன் ஆளட்டும் என்று ஆரம்பித்தால், அடுத்த கேள்வி உன் திறமை யாருடையது என்பதுதான். அதைக் கேட்கிற நாற்காலியில் நீ உட்கார்ந்திருப்பாய் என்று நம்புகிறாய். இளவயதுக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் நம்புகிறீர்கள்.

டம்பிள்டோரும் நம்பினார். பள்ளி முடித்த வயதில் கிரின்டெல்வால்டோடு சேர்ந்து, சாதாரண ஜனங்களின் நன்மைக்காகவே நாம் அவர்களை ஆளவேண்டும் என்று கடிதம் எழுதினவர் அவர். உன் பதிவும் அந்தக் கடிதமும் கிட்டத்தட்ட ஒன்று. பிறகு அமைச்சர் பதவி அவரைத் தேடி வந்தது, ஒரு தடவை அல்ல. தன் கையில் அதிகாரம் இருந்தால் ஆபத்து என்று தெரிந்து வேண்டாம் என்றார், வாத்தியாராகவே இருந்துவிட்டார். அந்த இடத்தைப் பேரனுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

ஆனால் பேரன் கேட்ட கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

ஹாக்ரிட் பதின்மூன்று வயதில் ஹாக்வார்ட்ஸில் படிக்கும்போது ஒரு மாணவி செத்துப்போகிறாள். பேர் பெற்ற நல்ல மாணவன் ஒருவன், இவன்தான் காரணம் என்று காட்டிக்கொடுக்கிறான். இவன் ஒரு சிலந்தியை ஒளித்து வளர்த்தது மட்டும் நிஜம். தலைமையாசிரியர் நல்ல மாணவனை நம்பினார். அவனுக்கு விருது, இவனுக்கு வெளியேற்றம். கோலை இரண்டாக ஒடித்தார்கள். ஐம்பது வருஷம் கழித்து அதே புகாரில் மறுபடி சிறைக்குக் கொண்டுபோகிறார்கள், ஏதாவது செய்ததாக வெளியே தெரிய வேண்டுமே என்பதற்காக. குற்றமற்றவர் என்று நிரூபணம் ஆகிறது, அதே பள்ளியில் வாத்தியாராகவும் ஆகிறார். பேரன் கேட்டான்: "ஆச்சி, அவருக்குப் புதுக் கோல் கொடுத்தாங்களா?"

தேடினேன். ஏழாம் புத்தகத்திலும் அவர் கையில் அந்த ரோஜா நிறக் குடைதான். ஒடித்த கோலின் துண்டை அதற்குள் ஒளித்து வைத்துக்கொண்டு திருட்டு மந்திரம் போடுகிறார், அறுபது வயதுக்கு மேல். மன்னிப்பு கேட்டதாகவும் எங்கும் எழுதியில்லை.

மந்திரம் உள்ளவர்களுக்கு விடுதலை என்று மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன், மருமகனே. ஆனால் விங்கி பெயரும் காப்ளின்கள் பெயரும் ஹாக்ரிட் பெயரும் முதலில் இருக்க வேண்டும். கேட்காமல் யார் கோலையும் பிடுங்கக்கூடாது, ஒடிக்கக்கூடாது என்று அதில் எழுத வேண்டும். ஏன் இவ்வளவு கோபம் என்றால், நானும் ஒன்றை ஒடித்தவள்.

1994. ஏழாம் வகுப்பு. பள்ளியின் பெயர் வேண்டாம். கல்விச் சுற்றுலாவுக்கு வசூல் செய்த 340 ரூபாய் என் மேஜையில் காணவில்லை. இடைவேளையில் வகுப்பில் இருந்தவன் ஒருவன்தான் என்று வகுப்புத் தலைவன் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை, பையன் உள்ளே இருந்தது உண்மைதான். எடுக்கவில்லை டீச்சர் என்று அழுதான். செருப்பில்லாத பையன், அதனால் நான் நம்பவில்லை. இதை மாற்றி எழுதிப் பார்த்தேன், முடியவில்லை. அதனால்தான் நம்பவில்லை. டி.சி. கொடுக்கச் சொன்னார்கள், நடத்தை என்ற இடத்தில் என் கையாலேயே எழுதினேன். மூன்று வாரம் கழித்து மதிப்பெண் பதிவேட்டின் அட்டைக்குள் பணம் இருந்தது. நான்தான் வைத்திருக்கிறேன். மேலே சொன்னேன். "விடுங்க டீச்சர், அவன் வேலைக்குப் போயிட்டான்" என்றார்கள். விட்டுவிட்டேன்.

எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக்கூடாது என்று 2009-ல் சட்டம் வந்தது. அவனுக்குப் பதினைந்து வருஷம் தாமதம்.

அந்த வகுப்பில் படித்தவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். திருப்பூர்ப் பக்கம் இருப்பதாக எப்போதோ கேள்விப்பட்டேன். அவன் இருக்கிற இடமோ போன் நம்பரோ தெரிந்தால் எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். கமென்ட்டில் பெயர் போடவேண்டாம். நானே பஸ் ஏறிப் போகிறேன்.