உப்பும் நெல்லிக்கனியும்

இராமநாதபுரத்துக் கடற்கரையார்க்கு உப்பின் அருமை கூறவேண்டுவதில்லை. வாலிநோக்கத்து அரசாங்க உப்பளத்தில் உப்புக் குவியல்கள் குன்றெனக் கிடப்பதைக் கண்டோர் பலர். அவ்வுப்பிற்கும் நெல்லிக்கனிக்கும் நம் உடலினுள் ஓர் உறவு உண்டென்பதை அறிந்தோர் சிலரே.

நெல்லியிற் செறிந்துள்ள வைட்டமின் 'சி' என்னும் ஜீவசத்து நீரில் கரைவது. உயிரணுவைச் சூழ்ந்த சவ்வோ கொழுப்பினால் ஆயது. அதனூடே இச்சத்துத் தானே புகமாட்டாது. ஆதலின் வாயில்காப்போர் போன்ற புரதங்கள் அச்சவ்வில் அமைந்துள்ளன. அவற்றுள் இரண்டனை அறிஞர் 1999-ஆம் ஆண்டிற் கண்டறிந்தனர். ஒன்று குடலிலும் சிறுநீரகத்திலும், மற்றையது மூளை, கண் முதலிய உறுப்புக்களிலும் தொழிற்படுவது. இவ்வாயில் ஜீவசத்துத் துகள் ஒன்றை உள்ளே விடுங்கால், உப்பின் கூறாகிய சோடியத் துகள் இரண்டனையும் உடன்விடும். உயிரணுவின் வெளியே சோடியம் மிகுதி, உள்ளே குறைவு. பள்ளம் நோக்கிப் பாயும் சோடியமே சத்தினை மேட்டிற்கு இழுத்துச் செல்கின்றது. அதனாற்றான் குருதியில் இருப்பதினும் பன்மடங்கு சத்து உயிரணுவினுள் திரள்கின்றது. இதுகேட்டு உப்பை மிகுத்துண்ணப் புகுதல் பேதைமை. அன்றாட உணவின் உப்பே வேண்டுமளவிற்கு மேற்பட்டது.

யாம் சொல்லவந்தது மாத்திரையைப் பற்றி. வாயில்கள் அளவுபட்டன, ஒரே வேளையிற் பெருங்கூட்டம் வரின் பலர் புறத்தே நிற்க நேரும். நாளொன்றுக்கு 180 மில்லிகிராம் வரை உண்பின் நூற்றுக்கு 70 முதல் 90 பங்கு உடலிற் சேரும்; 1 கிராமிற்கு மேற்படின் பாதியும் சேராது. சேர்ந்ததில் மிஞ்சியதும் சிறுநீரொடு கழியும். ஆடவர்க்கு நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் என 2020-இல் நம் நாட்டு உணவாராய்ச்சியாளர் வகுத்தனர். கடைகளில் விற்கும் மாத்திரையோ 500 மில்லிகிராம்! அதியமானும் ஔவைக்கு ஒரு கனியே ஈந்தான், கூடை அனுப்பினானல்லன்.

எனினும் இக்கரையில் இச்சத்திற்குக் குறைவில்லை என்று கூறுதற்கில்லை. மீனில் அது மிக அரிது. வறண்ட நிலத்திற் காய்கனியும் அருகியே கிடைக்கும். ஆடு தனக்கு வேண்டியதைத் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்ளும். அதனை மேய்ப்பவனுக்கு அவ்வாற்றல் இல்லை. படகிலும் உப்பளத்திலும் உழைப்போர் கூலியிற் காசு பிரித்து மாத்திரை வாங்குதல் எமக்கு உடன்பாடன்று. மருத்துவர் பணித்தோர்க்கு இது பொருந்தாது. ஏனையோர்க்கு நாள்தோறும் ஒரு கொய்யாத்துண்டோ, அடுப்பினின்று இறக்கியபின் கறியிற் பிழிந்த எலுமிச்சையோ பெரிதும் உதவும். முருங்கைக்கீரையின் சத்து வேகுங்கால் ஒரு பகுதி அழியினும், அம்மரம் மணற்பாங்கிலும் தழைப்பது. தொண்டு செய்யக் கிராமங்களுக்குச் செல்லும் நம் கல்லூரி மாணவர், மாத்திரைப் பொட்டலங்களுக்கு மாறாக முருங்கைக் கம்புகளைக் கொண்டுசெல்வாராக. வரும் மழைக்காலத்திற்கு முன்னரே அவற்றை நட்டுவிடலாம்.