செருப்பு போட்டுக்கிட்டு தேய்ங்கம்மா!

நம்ம தொழிலில் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. விடுமுறையில் ஒரு மின்சாமான் கடையில் எடுபிடியாக நின்று பாருங்கள், தெரியும்! நான் நின்றவன்.

ஒரு பெரியவர் சீலிங் ஃபேனைத் தோளில் சுமந்து வந்தார். "தம்பி, அஞ்சுல வச்சாலும் ஒண்ணுல ஓடுற மாதிரியே ஓடுது." 2.5 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரை மாற்றினோம், ஃபேன் பறந்தது. பெரியவருக்கோ கோபம். "இந்த இத்தனூண்டு டப்பாவுக்கா இதைப் பஸ்ஸுல தூக்கிட்டு வந்தேன்?"

இன்னொருவர், வாங்கி ஒரு வாரமே ஆன மிக்ஸி செத்துப்போச்சு என்று சண்டைக்கே வந்துவிட்டார். அடியில் இருக்கும் ஓவர்லோடு பொத்தானை அமுக்கியதும் 'கிர்ர்' என்றது. "இதை விக்கும்போதே சொல்லக் கூடாதாய்யா?" என்றார். நியாயமான கேள்விதானே!

அடுத்து ஒரு அம்மா. அயர்ன் பாக்ஸ் ஷாக் அடிக்கிறதாம். கடைக்கார அண்ணன் அசராமல் சொன்னார்: "செருப்பு போட்டுக்கிட்டு தேய்ங்கம்மா!" கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், அந்த ஒயரின் நுனியில் இருந்தது இரண்டு கால் பிளக். பச்சை ஒயரை ஒட்ட நறுக்கியிருந்தார்கள். "அவங்க வீட்ல ரெண்டு ஓட்டைதான்ப்பா, கேக்குறதைத்தானே குடுக்கணும்" என்றார் அண்ணன்.

மூன்று கால் பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பது அழகுக்கா? முதலில் சேர்ந்து கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காக. இரும்பு உடம்பில் மின்சாரம் கசிந்தால் பச்சை ஒயர் வழியே பூமிக்குப் போகும், கசிவு பெரிதென்றால் ஃபியூஸும் போகும். அந்த வழியை நறுக்கிவிட்டால், மிச்சமிருக்கும் வழி அந்த அம்மாவின் உடம்புதான். 230 வோல்ட்டுக்கு ஈரச் செருப்பு ஒரு பொருட்டா?

எலிமெண்ட்டை மாற்றி, மூன்று கால் பிளக் போட்டு, "எர்த் உள்ள பாயின்ட்ல மட்டும் சொருகுங்கம்மா, வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போட்டுடுங்க" என்றேன். "இவ்ளோ நாளா யாரும் இதைச் சொல்லலியேப்பா!" என்றார்.

என் கருத்து இதுதான்: வாடிக்கையாளருக்கு விவரம் தெரியாதது நகைச்சுவை அல்ல, தெரிந்த நாம் சொல்லாமல் விடுவதுதான் கோளாறு. பரீட்சையில் எர்த்திங் படம் போட்டு மார்க் வாங்குகிறோம். நாளை கடையிலோ கம்பெனியிலோ நிற்கும்போது அந்தப் படம் வாயில் வர வேண்டாமா? ரிப்பேருக்குக் கூலி வாங்குங்கள். கூடவே ரெண்டு வார்த்தை இலவசமாகச் சொல்லுங்கள். ஒரு உயிர் மிஞ்சும்!