சொக்ஸுக்குள்ள என்ன போடலாம்?

டிசம்பர் பிறந்தாலே நம்ம போன் திரையில் அந்தப் பட்டியல் வந்துவிடுகிறது. நத்தார் காலுறைக்குள் போட்டுக் கொடுக்கச் சின்னச் சின்னப் பரிசுகள். முன்பு சொக்லட், மெழுகுதிரி, சாவிக்கொத்து என்று இருந்தது. இப்போது பழைய கருவிகளின் பொம்மை வடிவங்கள்தான் முன்னுக்கு நிற்கின்றன. கேசட் போலவே இருக்கும் பணப்பை, உள்ளங்கை அளவு ரேடியோ, சாவிக்கொத்தில் தொங்கும் கெமரா. 2025இல் அதிகம் பேசப்பட்டது கோடக் பெயரில் வந்த 'சார்மெரா'. நிறை 30 கிராம்தான். பெட்டியைப் பிரித்தால்தான் என்ன நிறம் வந்திருக்கு என்று தெரியும். படம் மங்கலாக விழும், அந்த மங்கலுக்குத்தான் காசு. அப்போது விலை 30 அமெரிக்க டொலர், நம்ம காசில் 9000 ரூபாவுக்கு மேல். 2025இல் ஒரு நாள் பேருக்கு 1350 ரூபா வாங்கிய எங்கள் அம்மாமாருக்கு அது ஏழு நாள் பேர். அரைப் பேர் விழாமல் ஏழு நாள்.

வாங்குகிறவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் பெட்ச்சிலேயே இரண்டு பேர் அதற்குக் காசு சேர்க்கிறார்கள், சேர்க்கட்டும். எங்கள் கேள்வி வேறு. பழைய கருவிகள் மேல் வரும் இந்த ஏக்கம் யாருடைய வீட்டு ஞாபகம்?

காலுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தொங்கவிட வீட்டுக்குள் கணப்பு வேண்டும், அதற்குப் புகைபோக்கி வேண்டும். டிக்கோயாவில் அது இரண்டும் துரை பங்களாவில் உண்டு. லயத்தில் அடுப்புப் புகை தகரத்து இடுக்கு வழியாகத் தானே வழி தேடிப் போகும். டிசம்பர் குளிரில் எங்கள் ஆட்கள் சொக்ஸைச் சுவரில் மாட்ட மாட்டார்கள், காலில்தான் போடுவார்கள். ஆனாலும் நத்தார் இங்கே வரத்தான் செய்கிறது. வேதக்காரர் வீட்டுக் கேக் துண்டு எல்லாக் காம்பராவுக்கும் போகும், தீபாவளிக்கு நம்ம பலகாரம் அங்கே போன மாதிரியே.

கருவிகளும் அப்படித்தான், வந்தன. ஆனால் பிந்தி வந்தன, பொதுவாக வந்தன. கரண்ட் இல்லாத லயத்தில் முதலில் பேசியது பெட்டரி ரேடியோ. ஒரு லயத்துக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஆறு காம்பராக்காரரும் ஒரே இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்பார்கள். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் குரல்களுக்குத் தமிழ்நாட்டிலேயே எத்தனை ரசிகர்கள் இருந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே அந்தக் குரல்கள் வேறொரு வேலையும் செய்தன. பெட்டரி தீர்ந்துவிடக் கூடாதே என்று எதைக் கேட்பது, எதை விடுவது என்பதை வீடே கூடித் தீர்மானிக்கும். தீர்ந்த பெட்டரியை வெயிலில் காய வைத்து இன்னும் ஒரு பாட்டு கேட்டதை அப்பாயி இன்றைக்கும் சொல்லுவாங்க. "ரெண்டு பாட்டுக்கு மேல இழுக்காதுப்பா, ஆனா அந்த ரெண்டு பாட்டு இருக்கே!" பிறகு டிவி வந்தது. 1982இல் ஆரம்பித்த ரூபவாஹினிக்கு கோபுரம் நம்ம பீதுருதாலகால மலையில்தான். கோபுரம் பக்கத்து மலையில் நின்றாலும் லயத்தில் டிவி ஓடக் கார் பெட்டரியைச் சுமந்துபோய் டவுனில் சார்ஜ் பண்ணி வர வேண்டியிருந்தது.

ஆக, எங்களுக்குப் பழைய கருவி என்றால் அலுமாரியில் வைத்து ரசிக்கும் பொருள் இல்லை. அது செலவு, காவல், முறை வைத்துப் பாவித்தல். அதைவிட முக்கியம், அதற்குள் என்ன கிடக்கிறது என்பது.

டூ-இன்-வன்னைச் சொல்கிறோம். ரேடியோவும் கேசட்டும் ஒன்றாக இருந்த பெட்டி. வெளிநாட்டுக்குப் போன பெண்கள், குவைத்திலும் சவூதியிலும் வீட்டுவேலை பார்த்தவர்கள், திரும்பி வரும்போது கொண்டுவந்தது. அதன் சிவப்புப் பட்டனை அமர்த்தினால் பேச்சுப் பதியும். எழுதத் தெரியாத தாய்க்குக் கடிதத்தைவிட அது லேசு. கேசட்டின் ஒரு பக்கத்தில் பிள்ளைகள் பேசி அனுப்புவார்கள், மறுபக்கத்தில் அம்மா பேசி அனுப்புவார். நடுவில் நாய் குரைக்கும், யாரோ இருமுவார்கள், பெரட்டுத் தப்பு சத்தமும் விழுந்திருக்கும். பாட்டுக் கேசட்டின் மேலேயே பதிந்ததால் பேச்சு முடிந்ததும் திடீரென்று இளையராஜா வந்து நிற்பார். இந்தக் கேசட்டுகள் இன்னும் எங்கள் வீடுகளில் கிடக்கின்றன. பெட்டி உடைந்து இரும்புக்காரனிடம் போய்விட்டது, கேட்க வழியில்லை. கடையில் கேசட் மாதிரிச் சாவிக்கொத்து விற்கிறது, வீட்டில் அசல் கேசட் பூஞ்சணம் பிடிக்கிறது. எங்களுக்கு உறுத்துவது இதுதான்.

கெமராவின் கதை இன்னும் பழையது. அது எங்கள் பள்ளத்தாக்கிலேயே வந்து முடிகிறது. 1863 டிசம்பரில் இங்கிலாந்தில் ஜூலியா மார்கிரட் கமரன் என்ற 48 வயதுப் பெண்ணுக்கு மகளும் மருமகனும் ஒரு கெமரா பரிசளித்தார்கள். தனிமையில் பொழுது போகட்டுமே என்று கொடுத்தது. அது சொக்ஸுக்குள் அடங்கும் சாமான் இல்லை, மரப்பெட்டி. கண்ணாடித் தட்டில் மருந்து பூசி, ஈரம் காயும் முன் படம் எடுத்து, ஈரம் காயும் முன்னேயே கழுவ வேண்டும். அந்தப் பரிசை வைத்து அவர் டெனிசனை எடுத்தார், டார்வினை எடுத்தார், புகைப்படக் கலையின் வரலாற்றில் இடம் பிடித்தார். அவர் கணவர் சார்ள்ஸ் ஹே கமரன், ஆமாம், ஓ.எல். வரலாற்றுப் புத்தகத்தில் வரும் கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் அந்தக் கமரன்தான். அவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் குடும்பம் இலங்கைக்கு வந்தது. 1879 ஜனவரியில் ஜூலியா இறந்தது டிக்கோயாப் பக்கத்து கிளென்கேர்ன் தோட்டத்தில். கல்லறை பொகவந்தலாவை சென் மேரிஸ் கோயிலில் இருக்கிறது. பஸ் ஏறினால் போய்ப் பார்க்கலாம்.

அவர் இலங்கையில் எடுத்த படங்களில் மிஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் தோட்டத்து வேலையாட்களும் உண்டு. டெனிசன் படத்துக்குக் கீழே டெனிசன் என்று இருக்கிறது. இவர்களுக்குப் பெயர் இல்லை. கூலிக் கணக்கில் பேர் எழுதத் தெரிந்த காலம்தான் அது, படத்துக்குக் கீழே எழுத மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. அந்த முகங்களைப் பார்க்கும்போது எங்கள் சித்தியின் மூக்கு, பக்கத்து லயத்து அண்ணனின் நெற்றி என்று ஏதோ தட்டுப்படுகிறது. யாருடைய பாட்டியோ, எங்களுக்குத் தெரியாது. கெமராவைப் பிடித்திருந்தவரின் பெயர் மட்டும் கல்லில் இருக்கிறது.

எங்கள் வீட்டுப் போட்டோக்கள் எப்போது எடுக்கப்பட்டன என்று கேட்டுப் பாருங்கள். கலியாணத்துக்கு ஒன்று, பிறகு பிரியும்போது ஒன்று. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 525,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தார்கள். ஹட்டனில் ரயில் ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலில் ராமேஸ்வரம் போனவர்கள் புறப்படும் முன் ஸ்டூடியோவில் வரிசையாக நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரதி இங்கே, ஒரு பிரதி கூடலூரிலோ கோத்தகிரியிலோ. சிரிப்பே இல்லாத படங்கள். முதுகுப் பக்கம் திருப்பினால் அதிகமானவற்றில் ஒன்றும் எழுதியிருக்காது. ஆக, பெயர் எழுதாதது துரைமார் மட்டும் இல்லை.

அதுவும் 2025இல். நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலை சரிந்து போன வீடுகளை எல்லோரும் பார்த்தோம். உயிர் தப்பியவர்கள் முகாமில் அடையாள அட்டையைத் தேடினார்கள், பிறகு போட்டோவைக் கேட்டார்கள். லயத்துச் சுவரில் தொங்குவது ஒரே ஒரு பிரதி என்றால் அது எந்த மழையிலும் போகலாம்.

அதனால் எங்கள் பட்டியல் சின்னது. முதலாவது, வேலை செய்யும் ஒரு கேசட் பிளேயரை ஊரில் யாரிடமாவது இரவல் கேளுங்கள், எங்கோ ஒருவர் பரணில் வைத்திருப்பார். அதன் ஹெட்போன் துளையில் இருந்து ஒரு வயரை லெப்டொப்புக்கு இழுத்து, இலவசமாகக் கிடைக்கும் ஓடாசிட்டியில் பதியலாம். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் உட்காரத்தான் வேண்டும், குறுக்கு வழி இல்லை. வெள்ளையாகப் பூஞ்சணம் படிந்திருந்தால் உடனே ஓட விடாதீர்கள், நாடாவும் போகும், பிளேயரும் கெடும். முதலில் அதைத் துடைத்து எடுக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். தளர்ந்த நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றுங்கள், அந்த வித்தை அம்மாமாருக்குத் தெரியும். பதிந்ததை ஒரு மெமரி கார்ட்டில் போட்டால் அதைவிடச் சின்னப் பரிசு எந்த சொக்ஸுக்குள்ளும் இருக்காது.

போட்டோவுக்கு இன்னும் லேசு. இஸ்தோப்பில் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் போனில் எடுத்தால் போதும். எல்பத்தின் பசைத்தாளில் ஒட்டிப்போனதைப் பிய்க்காதீர்கள், அப்படியே எடுங்கள். கழன்று வருவதன் பின்னால் மென்மையான பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். பேனா மை ஊறி முகத்தில் தெரியும். யார் யார் என்று தாத்தாவிடம் கேட்கும்போதே போனில் அவர் குரலையும் பதிந்துகொள்ளுங்கள். ஒரு முகத்தைக் காட்டினால் ஐந்து கதை வரும், அதில் இரண்டு சண்டை.

பேர் காசில் மிச்சம் பிடித்து சார்மெரா வாங்கினாலும் பரவாயில்லை. அதை அம்மாவின் கையில் கொடுங்கள். கொழுந்து மலையில் அவர் யாரை, எதை எடுப்பார் என்று பார்க்க எங்களுக்கு ஆசையாக இருக்கிறது. ஜூலியாவுக்குக் கிடைத்தபோது அவருக்கும் வயது நாற்பத்தெட்டு.