டிவியே இல்லாத மாணவருக்கும் டிவி லைசென்ஸா?

காரைக்காலிலிருந்து மேற்படிப்புக்கு பிரிட்டன் கிளம்பும் மாணவரின் பெட்டியில் குக்கர், ஸ்வெட்டர், ஊறுகாய் எல்லாம் இருக்கும். டிவி இருக்காது. ஆனாலும் ஹாஸ்டல் அறைக்கு ‘டிவி லைசென்ஸிங்’ கடிதம் வரலாம்.

பாரிஸில் இருக்கும் சித்தப்பாவைக் கேட்டால், “அதெல்லாம் எடுத்துட்டாங்களே” என்பார். பிரான்ஸுக்கு அது சரி. ஆண்டுக்கு 138 யூரோவாக இருந்த கட்டணம் அங்கே 2022-ல் ரத்தானது. தாத்தாவோ போஸ்ட் ஆபீஸில் ரேடியோ லைசென்ஸ் கட்டிய கதையைச் சொல்வார். இந்தியாவில் அது 1980-களோடு முடிந்தது. பிரிட்டனில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது.

எதற்கு லைசென்ஸ் வேண்டும்?

கேள்வி டிவி பெட்டி இருக்கிறதா என்பதல்ல. என்ன பார்க்கிறீர்கள் என்பதுதான். எந்த சேனலையும் ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தால் லைசென்ஸ் தேவை. போன், லேப்டாப், டேப்லெட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மொபைலில் தமிழ் சேனல் நேரலை பார்த்தாலும் கணக்கில் வரும். பிபிசி ஐபிளேயரில் பழைய நிகழ்ச்சி பார்த்தாலும் வேண்டும்.

நெட்ஃபிளிக்ஸில் படம், யூடியூபில் ஏற்கெனவே பதிவேற்றிய வீடியோ மட்டும்தான் என்றால் தேவையில்லை. அப்போது ‘லைசென்ஸ் தேவையில்லை’ என்று ஆன்லைனில் தெரிவித்துவிடலாம். லைசென்ஸ் இல்லாமல் பார்த்து மாட்டினால் அபராதம் 1,000 பவுண்டு வரை போகும்.

மாணவர்களுக்குச் சலுகை உண்டா?

ஒன்று உண்டு. சார்ஜரில் செருகாமல், பேட்டரியில் மட்டும் ஓடும் கருவியில் பார்த்தால், பெற்றோர் வீட்டு லைசென்ஸே போதும். ஆனால் அந்த வீட்டுக்கு பிரிட்டன் லைசென்ஸ் இருக்க வேண்டும். காரைக்கால் வீட்டுக்கு அது எப்படி இருக்கும்? ஆக, நம் பிள்ளைகளுக்கு இந்தச் சலுகை கிடைக்காது. சீனியர் சொன்னார் என்று நம்பி ஏமாறுவது இங்கேதான்.

எவ்வளவு, எப்படிக் கட்டுவது?

2025 ஏப்ரலில் ஆண்டுக் கட்டணம் 174.50 பவுண்டானது. 2027 வரை விலைவாசிக்கு ஏற்ப உயரும் என்பதால் புதிய தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே தவணையில் கட்டலாம்; வங்கிக் கணக்கிலிருந்து மாதம் தோறும் பிடிக்கச் சொல்லலாம். பேமென்ட் கார்டு எடுத்து கடையில் வாரா வாரமும் கட்டலாம். மாதத் தவணையில் ஒரு விஷயம்: முதல் ஆண்டுத் தொகை பொதுவாக முதல் 6 மாதங்களிலேயே பிடிக்கப்படும்.

நண்பர்கள் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் வீடு எடுத்தால் பெரும்பாலும் ஒரு லைசென்ஸ் போதும். தொகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். தனித்தனி ஒப்பந்தம் என்றால் அறைக்கு ஒன்று. படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போது, மீதமுள்ள முழு மாதங்களுக்கு ரீஃபண்ட் கேளுங்கள்.

யார் சொல்வது?

சலுகை என்று ஒன்றை வைத்து, பெற்றோர் அதே நாட்டில் இருப்பவருக்கு மட்டும் கொடுப்பது நியாயமா? வெளிநாட்டு மாணவர்தான் அதிக கல்விக் கட்டணமும் கட்டுகிறார். விதி மாறும் வரை, லட்சக்கணக்கில் பணம் வாங்கும் பல்கலைக்கழகங்களும் கன்சல்டன்சிகளும் இதை விமானம் ஏறும் முன்பே சொல்லட்டும். கடிதம் வந்த பிறகு கூகுளில் தேடுவது மாணவரின் தலையெழுத்தாக இருக்கக் கூடாது.